காத்ததும் விளைச்சலே

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பயிர் விளைச்சலையும் கோழி நலத்தையும் பற்றிய ஆராய்ச்சி என்பது தியாகதுருகத்தில் பேச எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இரண்டும் இரண்டு துறைகள். இரண்டுக்கும் தனித்தனிக் கல்லூரி, தனித்தனிப் பல்கலைக்கழகம், அரசிலும் தனித்தனித் துறை உண்டு. விவசாயியின் வீட்டில் அப்படிப் பிரிவினை கிடையாது. மக்காச்சோளம் கோழிக்குத் தீவனமாகப் போகிறது. கோழி எரு காட்டுக்கு உரமாகத் திரும்புகிறது. இரண்டின் வரவும் செலவும் ஒரே குடும்பக் கணக்கில்தான் ஏறுகின்றன. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டே இன்று பேசப் போகிறேன்.

விளைச்சல் ஆராய்ச்சி என்றதும் எல்லோருக்கும் முதலில் விதைதான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருக்குப் பின் நம் டி.எஸ். வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். 1918இல் கோ 205 வெளிவந்தது. வட இந்தியாவின் கரும்பு வயல்களையே அது மாற்றியது. அந்த வழியில் பிறந்த கோ 86032 இந்தப் பகுதியில் கரும்பு போட்ட எவருக்கும் தெரிந்த ரகம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் போன கரும்பில் கோவை விஞ்ஞானிகளின் உழைப்பும் சேர்ந்தே போனது.

ஆனால் விளைச்சலுக்கு இன்னொரு பாதி உண்டு. விளைந்ததைப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் நோய்க்கும் பறிகொடுக்காமல் வீடு சேர்ப்பது அந்தப் பாதி. மரவள்ளியில் ஏக்கருக்கு 10 டன் எடுப்பவர் புதிய ரகத்தால் 11 டன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரெல்லாம் அதைப் பேசும். அடுத்த ஆண்டு மாவுப்பூச்சி வந்து அதில் 3 டன்னைத் தின்றுவிட்டால், ரகம் கூட்டிக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு போய்விட்டது. அந்த 3 டன்னைக் காப்பாற்றும் ஆராய்ச்சிக்கு மேடையும் மாலையும் குறைவு. இழக்காத ஒன்று யார் கண்ணுக்கும் படுவதில்லை. காத்த விளைச்சலும் கூட்டிய விளைச்சலுக்குச் சமமானது, நம்மைப் போன்ற மானாவாரிச் சீமைக்கு அதைவிடவும் முக்கியமானது என்பதே இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி. அதற்கு மரவள்ளி, மக்காச்சோளம், புழக்கடைக் கோழி என்ற மூன்றையும் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. மரவள்ளியைக் காத்த குளவி

இந்த ஊர் வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் தாண்டி ஏத்தாப்பூர் வரும். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சின்னசேலம் பக்கத்துக் காடுகளிலும் கல்வராயன் மலையிலும் விளையும் மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு, சேலத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. அப்போது சேலத்தில் முளைத்த தொழில் இது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பும் வந்தது. கிழங்குக்கு விலை, அதிலுள்ள மாவின் அளவைப் பொறுத்தது. செடி நலிந்தால் எடையும் குறையும், மாவும் குறையும். விவசாயிக்கு இரட்டை அடி.

2020இல் கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளியில் ஒரு புதிய மாவுப்பூச்சி தென்பட்டது. இந்தியாவில் அதற்கு முன் இல்லாத இனம். தென் அமெரிக்காவில் பிறந்தது. சில மாதங்களுக்குள் நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. நுனிக் குருத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலைகள் சுருண்டு உச்சி கொத்தாகிவிடும். கணுக்கள் நெருங்கி, தண்டு வளைந்து, செடி வளர்ச்சி நின்றுபோகும். இந்த இனத்துக்கு ஆண் துணை தேவையில்லை. பிறப்பதெல்லாம் பெண், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு, சுற்றிலும் சுருண்ட இலை. மருந்து எங்கே போய்ப் படும்? விவசாயிகள் அடித்தார்கள், மறுபடியும் அடித்தார்கள். கடன் ஏறியது, பூச்சி குறையவில்லை.

இதே பூச்சி 1973இல் ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியில் நுழைந்தது. மரவள்ளிதான் அங்கே கோடிக்கணக்கான ஏழைகளின் சோறு. ஆண்டுக்கு ஆண்டு பரவி ஒரு கண்டத்தையே பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது. நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினார். பூச்சி பிறந்த மண்ணில் அது ஏன் இவ்வளவு கேடு செய்வதில்லை? அங்கே அதற்கு எதிரி இருக்க வேண்டும். தேடியதில் 1981இல் பராகுவே நாட்டில் அனகைரஸ் லோபெசி என்ற மிகச் சிறிய குளவி கிடைத்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வளரும். மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறைக் குளவி வெளிவந்து அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். வேறு பயிருக்கோ மனிதருக்கோ தீங்கில்லை என்று சோதித்துப் பார்த்து, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விட்டார்கள். பூச்சி அடங்கியது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008இல் தாய்லாந்தில் பூச்சி நுழைந்தபோதும் இந்தக் குளவியே அந்த நாட்டு மரவள்ளியைக் காத்தது.

நமக்கும் இப்படியொரு அனுபவம் முன்பே உண்டு. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளை அடித்தது. 2010இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது ஓய்ந்தது. அந்த அனுபவம் கைகொடுத்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் 2021இல் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசியைத் தருவித்தது. தனிமைப்படுத்தி வைத்து, பாதுகாப்புச் சோதனைகளை முடித்து, பெருக்கியது. 2022 மார்ச் 7ஆம் நாள் இந்தியாவில் முதன்முதலாக அந்தக் குளவியை வயலில் விட்டது நமக்குப் பக்கத்திலுள்ள இந்த ஏத்தாப்பூர் நிலையத்தில்தான். இந்தச் சாலையில் நடந்த பெரிய செய்திகளில் ஒன்று இது. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய செய்தியும் கூட.

இந்த ஆராய்ச்சியில் புதிய விதை கிடையாது, புதிய உரம் கிடையாது. ஏக்கருக்கு ஒரு கிலோ கூட அது கூட்டித் தரவில்லை. இருந்த விளைச்சலைத் திருப்பித் தந்தது, அவ்வளவுதான். ஆனால் குளவி தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் விவசாயியின் கை கொஞ்சம் அடங்க வேண்டும். கண்ட மருந்தையும் அடித்தால் மெழுகுக்குள் இருக்கும் பூச்சி தப்பிக்கும், வெளியே பறக்கும் குளவி சாகும். குருத்தைப் பிரித்துப் பாருங்கள். உப்பிப் பழுப்பேறி, ஓட்டையிட்ட கூடாக மாவுப்பூச்சி கிடந்தால் உங்கள் காட்டில் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அங்கே மருந்து வேண்டாம். பூச்சி பிடித்த காட்டிலிருந்து நடவுக்குக் கரணை எடுக்கவும் வேண்டாம். மாவுப்பூச்சியும் சரி, தேமல் நோயும் சரி, ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நாம் வண்டியில் ஏற்றும் குச்சிக்கட்டோடுதான்.

2. மக்காச்சோளம்: காட்டிலும் களத்திலும்

புரட்டாசிப் பட்டத்து மானாவாரி மக்காச்சோளம் இப்பகுதியின் கைப்பணம். தியாகதுருகம் மார்க்கெட் கமிட்டிக்கு வரும் மூட்டைகளில் பெரும்பங்கு கடைசியில் நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனமாகிறது. முட்டைக் கோழித் தீவனத்தில் ஏறத்தாழ பாதி மக்காச்சோளம்தான். மஞ்சள் கருவின் நிறம் கூட அதிலிருந்தே வருகிறது.

இந்தப் பயிருக்கு 2018இல் ஒரு சோதனை வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவைத் தொட்டு, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் தென்பட்டு, அந்த ஆண்டு மழைக்காலத்திலேயே நம் காடுகளுக்குள் வந்துவிட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக் கூடியது. ஒரு தாய் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. அந்த முதல் ஆண்டில் காட்டை அப்படியே மாட்டுக்கு அறுத்துப் போட்டவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

அதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொன்ன வழி ஒரு மருந்தின் பெயரல்ல, அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை. கோடை உழவால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்ட வேண்டும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இட வேண்டும். விதை நேர்த்தி செய்ய வேண்டும். ஊர் முழுக்க ஏறத்தாழ ஒரே நேரத்தில் விதைக்க வேண்டும். வரப்பில் தட்டைப்பயறு, எள், துவரை போட்டால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வந்துவிட்டதா என்பது முன்கூட்டியே தெரியும். மருந்து கடைசியில், அதுவும் இளம்புழுப் பருவத்தில், குருத்துக்குள் படும்படி. இந்த வரிசையில் ஒருவர் மட்டும் செய்து பயனில்லாத வேலைகள் பல. பக்கத்துக் காட்டில் பெருகும் பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஆகவே இந்த ஆராய்ச்சியின் பலன் ஊர் ஒற்றுமையைப் பொறுத்தது.

காட்டில் தப்பித்த மக்காச்சோளத்தைக் களத்தில் இழப்பது இன்னும் பெரிய வேதனை. நான் சொல்வது பூஞ்சை நஞ்சைப் பற்றி. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த மணிலா எனும் நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை இருந்ததும், அது சுரக்கும் நஞ்சு ஈரலை அழித்ததும் தெரிந்தது. அந்த நஞ்சுக்குத்தான் அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரம் காயாமல் மூட்டை கட்டிய மக்காச்சோளம், மணிலா, பருத்திக்கொட்டை எல்லாவற்றிலும் அந்தப் பூஞ்சை வளரும். வேகவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. மாடு தின்றால் பாலில் வரும். மனிதருக்கு ஈரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதிசெய்திருக்கிறது.

கோழிக்கு நேர்வது வேறொரு வகையில் கொடியது. அளவு கூடினால் சாகும். குறைந்த அளவாக இருந்தால் சாகாது. முட்டை குறையும், எடை ஏறாது, உடம்பின் எதிர்ப்புத் திறன் சரியும். அந்தக் கோழிக்குத் தடுப்பூசி போட்டாலும் அது சரியாகப் பிடிக்காது. மழையில் நனைந்த களத்தில் இங்கே நாம் செய்த ஒரு குறை, பல கல் தொலைவில் ஒரு பண்ணையில் தடுப்பூசி போட்ட கோழிக்கும் நோயாக வெளிப்படுகிறது. விவசாயியின் வீட்டில் பயிருக்கும் கோழிக்கும் பிரிவினை கிடையாது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஓர் ஆய்வகம் இயங்குகிறது. பண்ணையாளர்கள் தீவன மாதிரி கொடுத்து நஞ்சின் அளவைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் நஞ்சைத் தடுக்க வேண்டிய இடம் நம் களம். தானியத்தின் ஈரம் 12 விழுக்காட்டுக்குள் வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டு, இரண்டு மூன்று தேக்கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து நன்றாகக் குலுக்கிக் கால்மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டால் ஈரம் அதற்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் மூட்டை கட்டும் முன் இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள். உலர்களம் போதாமல் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைக்கும் நிலை மாற வேண்டும். ஓடும் லாரிக்கும் உயிருக்கும் இடையில் தானியம் காயவைப்பதை ஒரு நாகரிக சமுதாயம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உலர்களம் கட்டுவதும் விளைச்சலைப் பெருக்கும் திட்டமே.

3. பத்துக் கோழிக்கு ஒரு தடுப்பு மருந்து

பண்ணைக் கோழியைப் பார்க்க மருத்துவர் உண்டு, ஆய்வகம் உண்டு, குளிர்பதனப் பெட்டி உண்டு. புழக்கடையில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்க்கும் கோழிக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் சொத்து. பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகத்துக்கும், திடீரென்று காய்ச்சல் கண்டால் பஸ் செலவுக்கும் யாரிடமும் கைநீட்டாமல் எடுத்துக் கொடுப்பது அந்தக் கோழிதான். கோடைத் தொடக்கத்தில் ஊரில் கோழிக் கழிச்சல் நோய் நுழைந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் காலி. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், இறக்கை தொங்கும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

இது ஒரு வைரஸ் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத் ஊரில் தென்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயரே நிலைத்தது. மருந்தால் குணப்படுத்த முடியாது, தடுக்க மட்டுமே முடியும். முக்தேஸ்வரில் இருந்த இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் 1940களிலேயே நோய்க் கிருமியைப் பலமுறை முட்டைக்கருவில் வளர்த்து வீரியம் குறைத்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கைத் தோலுக்கடியில் போடும் ஊசி இன்றும் அந்த வழி வந்ததுதான். 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அதைத் தமிழ்நாட்டுக்குத் தயாரித்துத் தருகிறது. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊர் ஊராகக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது.

அப்படியானால் நோய் ஏன் ஒழியவில்லை? சிக்கல் கிருமியில் இல்லை, தூரத்திலும் வெப்பத்திலும் இருக்கிறது. தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து மேலும் உள்ளே போகும் ஒரு சிற்றூரில் வீட்டுக்கு எட்டுப் பத்துக் கோழி. ஒருவர் வீட்டுக் கோழி பஞ்சாரத்தில், இன்னொருவருடையது மரத்தின் மேல். பொழுது விடியும் முன் பிடித்து வைத்தால்தான் உண்டு. மருந்து ஏறிவந்து சேர்வதற்குள் ஐஸ் கரைந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு ஆராய்ச்சி விடை தேடியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1966இல் கிடைத்த, நோய் செய்யாத ஒரு வைரஸ் வகை வெப்பத்தைத் தாங்கியது. 1980களில் மலேசியாவில் அதைத் தீவனத்தின் மேல் பூசிக் கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. 1989இல் தொடங்கிய நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதே வழியில் உழைத்து, வெப்பம் தாங்கும் வாய்வழித் தடுப்பு மருந்துக் குருணையை உருவாக்கியது. ஊசி வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். இரையோடு போட்டால் கோழி தானே தின்றுவிடும். வீட்டுப் பெண்ணே கொடுக்கலாம். நகரத்து ஆய்வகத்தில் பிறந்த ஓர் அறிவு, மலைக்குடிசையின் முற்றத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஆராய்ச்சியின் அருமை அதில் இருக்கிறது. அது எல்லா மலைக்குடிசைக்கும் ஆண்டுதோறும் தவறாமல் போய்ச் சேர வேண்டும்.

4. யார் செய்ய வேண்டிய வேலை?

இதுவரை சொன்ன மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். குளவியை ஒருமுறை விட்டால் தானே பெருகி அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். அதை மூட்டையில் கட்டி ஆண்டுதோறும் விற்க முடியாது. வேப்பம்பிண்ணாக்கும் கோடை உழவும் யாருடைய உரிமைப் பொருளும் அல்ல. பத்துக் கோழிக்கான தடுப்பு மருந்தில் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் பெரிய லாபம் இல்லை. ஏழைக்கு மிகவும் தேவையான ஆராய்ச்சி சந்தையில் விலைபோகாத ஆராய்ச்சியாக இருக்கிறது. ஆகவே அது பொதுப்பணத்தில், பொது நிறுவனங்களில் நடந்தே ஆக வேண்டும். ஏத்தாப்பூர், நாமக்கல், ராணிப்பேட்டை போன்ற இடங்களில் பணியிடங்கள் நிரம்பியிருக்க வேண்டும், ஆய்வகங்களுக்குப் பணத் தட்டுப்பாடு வரக் கூடாது. ஒரு பூச்சி நுழைந்த பிறகு கோப்பு நகரத் தொடங்கினால் குளவி வருவதற்குள் இரண்டு பட்டம் போய்விடும். மரவள்ளியில் அதுதான் நடந்தது.

இதே நெடுஞ்சாலையில், தலைவாசல் கூட்டுரோட்டில், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் கால்நடை அறிவியல் உயர் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, மறு ஆண்டே திறந்தார்கள். அந்த நிலையத்தாரிடம் இம்மாவட்டத்து மக்கள் சார்பில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உயர்ரக மாட்டையும் ஆட்டையும் ஆராயுங்கள், மகிழ்ச்சி. அதோடு, கல்வராயன் மலையின் கடைசி வீட்டுக் கோழியையும் உங்கள் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் சாமைக் காட்டில் வளரும் கோழிக்கு என்ன இரை கிடைக்கிறது, எந்த மாதத்தில் எந்த நோய் வருகிறது, குருணை மருந்து எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும் ஆய்வுத் தலைப்புகள்.

விவசாயப் பெருமக்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. திருச்சூரிலும் சிவமொக்காவிலும் புதிய பூச்சியை முதலில் பார்த்தது ஏதோவொரு விவசாயியின் கண்ணாகத்தான் இருந்திருக்கும். இதற்கு முன் பார்க்காத ஒன்றைக் காட்டில் பார்த்தால் மருந்துக் கடைக்குப் போகும் முன் இலையோடு ஒடித்து எடுத்துக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். கோழி இரண்டு அடுத்தடுத்துச் செத்தால் மிச்சத்தைச் சந்தைக்கு ஓட்டாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். நோய்க்கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் பத்து ஊருக்கு நோயைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் கோவைக்கும் நாமக்கல்லுக்கும் படிக்கப் போவீர்கள். போய் வாருங்கள். படித்து முடித்து ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடும் நாளில் உங்கள் ஊர் ஆண்டுதோறும் எதை இழக்கிறது என்று ஒரு கணக்கு எழுதிப் பாருங்கள். பூச்சி தின்றது இவ்வளவு, பூஞ்சை பிடித்தது இவ்வளவு, கழிச்சலில் செத்தது இவ்வளவு. அந்தப் பட்டியலிலேயே உங்கள் தலைப்பு இருக்கிறது.

வரும் பிப்ரவரியில் தடுப்பூசி முகாமுக்கு உங்கள் வீட்டுக் கோழிகளை விடியும் முன் பிடித்து வையுங்கள். வரும் அறுவடையில் மக்காச்சோளத்தை உப்பு போட்டுக் குலுக்கிப் பார்த்து, இன்னும் ஒரு வெயில் காட்டிவிட்டு மூட்டை கட்டுங்கள். மரவள்ளிக் குருத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, குளவி இருந்தால் தெளிப்பானைக் கீழே வையுங்கள். இந்த மூன்றையும் இந்த ஊர் செய்யத் தொடங்கினால், புதிதாக ஓர் ஏக்கர் சேர்க்காமலேயே தியாகதுருகத்தின் விளைச்சல் கூடும்.